வரிசை குலையாமல் தேடுதல்

நிகண்டுகள் மனப்பாடத்துக்காக இயற்றப்பட்டவை. சேந்தன் திவாகரத்தின் 12 தொகுதிகளும் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனப் பொருள்வழியே செல்கின்றன. சூத்திரம் நெஞ்சில் இருப்பவருக்கு அது போதும். பொருளறியாத ஒரு சொல்லோடு ஏட்டைப் புரட்டுபவர் எங்கே தொடங்குவார்? இக்குறையை உணர்ந்தே சிதம்பரம் ரேவண சித்தர் 1594இல் அகராதி நிகண்டை முதலெழுத்து வரிசையில் அமைத்தார். 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தது.

கணிப்பொறிக்குள்ளும் இதே தேடல் நிகழ்கிறது. லினக்ஸில் ஒரு நிரல் தனக்கு வேண்டிய பணிகளைப் பொது நூலகக் கோப்புகளிடமிருந்து பெயர் சொல்லிப் பெறுகிறது. பெயர் நிலையானது, இருப்பிடம் மாறக்கூடியது. எங்கள் திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூர், செங்கல்பட்டு, திருவள்ளூர் என மாவட்டம் மாறியபோதும் ஊர்ப்பெயர் மாறவில்லை. அதுபோலவே நிரலும் ஓடத் தொடங்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் அப்போதைய முகவரியைத் தேடியாக வேண்டும். பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் நிரல் எழவே நேரமாகும்.

பெயரின் எழுத்துகளிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அதற்குரிய அறையில் மட்டும் தேடுவது பழைய முறை. 2006இல் குனு கருவிகளில் வந்த புதிய முறை இரண்டு மாற்றங்களைச் செய்தது. பர்ட்டன் புளூம் 1970இல் வகுத்த வடிகட்டியைக் கொண்டு, இல்லாத பெயர்களில் பெரும்பாலானவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. ஓர் அறைக்குரிய பெயர்களைப் பட்டியலில் அடுத்தடுத்து நிறுத்தியது. பல நூலகங்களில் தேடி ஒன்றில் மட்டுமே பெயரைக் காணும் சூழலில் இது பெரும் விரைவைத் தந்தது.

மிப்ஸ் செயலிக்கு மட்டும் இந்த முறை பொருந்தவில்லை. 1981இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னசியின் குழு தொடங்கிய ஆய்வில் பிறந்த செயலி அது. அதன் பழைய மரபுப்படி, பெயர்ப் பட்டியலின் பிற்பகுதி முகவரி அட்டவணையின் வரிசையையே பின்பற்ற வேண்டும். புதிய முறையோ அறைவாரியான வரிசையைக் கேட்டது. ஒரே பட்டியல் இரண்டு வரிசைகளில் நிற்க இயலாது. மரபை மாற்றினால் ஏற்கெனவே உருவான நிரல்கள் முறியும்.

13 ஆண்டுகள் கழித்து, 2019இல் தீர்வு வந்தது. பெயர்ப் பட்டியலைத் தொடவில்லை. அறை வரிசையில் ஒரு தனி அட்டவணை அமைத்து, ஒவ்வோர் இடத்திலும் மூலப் பட்டியலின் வரிசை எண்ணை மட்டும் குறித்தார்கள்.

இது நமக்குப் புதிதன்று. நிகண்டுகளை அச்சிட்ட பதிப்பாசிரியர்கள் நூலின் இறுதியில் சொல்லகராதி சேர்த்து, சூத்திர எண்ணைக் குறித்தார்கள். செய்யுள் தன் வரிசையில் நின்றது; தேடுபவருக்கும் வழி கிடைத்தது. பழையதை உடைத்து அடுக்கினால்தான் விரைவு வரும் என்று வாதிடுவோர் எல்லாத் துறைகளிலும் உண்டு. அவர்கள் ஒரு பழைய நிகண்டுப் பதிப்பின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம்.