கரடி ஏரியில் இருந்து ஹிரோசிமா வரை

ரொறன்ரோவில இருந்து 401 நெடுஞ்சாலையால மொன்றியல் பக்கம் போனவர்கள் போர்ட் ஹோப் என்ற பெயர்ப்பலகையைக் கண்டிருப்பீர்கள். ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் கிழக்கே, ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கிற வடிவான சின்ன ஊர். கோப்பி குடிக்க இறங்கிப்போட்டு அப்படியே ஏறிப் போற இடம். அமெரிக்கா செய்த அணுகுண்டில் இந்த ஊருக்கும் ஒரு பங்கு இருக்கு எண்டு சொன்னால் கனபேர் நம்பமாட்டினம். சமாதானம் காக்கிற நாடு என்று தன்னைச் சொல்லிப் பழகின கனடாவும் இதை அவ்வளவாக வாய் திறந்து சொல்வதில்லை.

கதை தொடங்குவது வடக்கே, வடமேற்குப் பிரதேசங்களில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி இருக்கிற கிரேட் பெயர் ஏரியில். (பெரிய கரடி ஏரி. முழுக்க கனடாவுக்குள்ளேயே இருக்கிற ஏரிகளில் இதுதான் பெரிசு.) 1930இல் கில்பர்ட் லபைன் என்பவர் அதன் கிழக்குக் கரையில் பிட்ச்பிளெண்ட் என்ற கறுப்புத் தாதுக்கல்லைக் கண்டுபிடிச்சார். அப்போது உலகம் தேடியது யுரேனியத்தை அல்ல, ரேடியத்தை. புற்றுநோய் வைத்தியத்துக்கு வேண்டிய அந்தப் பொருள் ஒரு கிராம் பல்லாயிரம் டொலர் விலை போனது. கொங்கோவில் தோண்டிய பெல்ஜியக் கம்பனிதான் அந்தச் சந்தையை வைத்திருந்தது. லபைனின் எல்டோராடோ கம்பனி போட்டிக்கு இறங்கி, ஏரிக்கரையில் போர்ட் ரேடியம் சுரங்கத்தையும், 1933இல் போர்ட் ஹோப்பில் சுத்திகரிப்பு ஆலையையும் திறந்தது.

போர் வந்து வியாபாரம் படுத்ததும் 1940இல் சுரங்கத்தை மூடினார்கள். 1942இல் சத்தமில்லாமல் திரும்பத் திறந்தார்கள். இந்த முறை தேவைப்பட்டது யுரேனியம், கேட்டது அமெரிக்க இராணுவம். கனடிய அரசு கம்பனியின் பங்குகளை இரகசியமாக வாங்கி, 1944இல் முழுதாகவே எடுத்துக்கொண்டது. மன்ஹாட்டன் திட்டத்துக்குப் போன யுரேனியத்தில் பெரும்பங்கு கொங்கோவினுடையது, கனடாவினுடையது சிறு பங்குதான். ஆனால் கொங்கோத் தாதுவிலும் ஒரு பகுதி போர்ட் ஹோப்பில்தான் சுத்திகரிக்கப்பட்டது. எல்லாம் கலந்துபோனதால் எந்தக் கல் எந்தக் குண்டில் போனது என்று இனிப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

சரி, அந்தக் கல்லைக் காவினது ஆர்? ஏரியைச் சுற்றி வாழ்ந்த சாத்து டெனே மக்கள். அவர்களில் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர்கள் மிகச் சிலர், சுமந்தவர்கள்தான் கூட. ஏறக்குறைய 45 கிலோ கொண்ட சாக்கு மூட்டைகள். படகில் ஏற்றி ஏரியைக் கடந்து, ஆற்றில் வெள்ளம் சீறிப் பாயிற இடங்களில் இறக்கித் தரையால் கொண்டுபோய், திரும்பவும் படகில் ஏற்றி, மக்கென்சி ஆற்றுக்கு வந்து, அங்கிருந்து தெற்கே அல்பேர்ட்டாவில் ரயில் நிற்கும் வாட்டர்வேஸ் வரைக்கும் இப்படியே. தூசு உடம்பெல்லாம். மூட்டைகளின் மேலேயே இருந்தும் படுத்தும் பயணம் செய்ததாகவும், நாள் கூலி மூன்று டொலர் என்றும் டெனே முதியவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கினம். ரேடியத் தாதுவைத் தொடுகிறவர்களுக்கு வரும் ஆபத்து பற்றி ஒட்டாவாவின் சுரங்கத் துறையே 1930களின் தொடக்கத்தில் எழுதி வைத்திருந்தது. அதை டெனே மொழியில் ஒருத்தரும் போய்ச் சொல்லவில்லை.

1945 ஆகஸ்ட் 6 அன்று பிரதமர் மக்கென்சி கிங் தன் நாட்குறிப்பில் என்ன எழுதினார் தெரியுமோ? குண்டு ஐரோப்பாவின் வெள்ளை இனத்தார் மேல் விழாமல் ஜப்பானியர் மேல் விழுந்தது நல்லதாய்ப் போச்சு என்ற பொருள்பட எழுதினார். (நாட்குறிப்பு இப்போது பொதுப் பார்வைக்கு இருக்கு, ஆரும் படிக்கலாம்.)

யுரேனியத்துக்காகத் தோண்டுவது 1960இல் நின்றது. பிறகு 1982 வரை அதே இடத்தில் வெள்ளி எடுத்தார்கள். சுரங்கக் கழிவில் பெரும்பகுதி ஏரிக்குள்ளேயே போனது. டெனே மக்களின் ஊரான டெலினேயில் மூட்டை காவின ஆண்கள் ஒவ்வொருத்தராகப் புற்றுநோயில் போய்ச் சேர, மிஞ்சின பெண்களை வைத்து அதற்கு 'விதவைகளின் கிராமம்' என்ற பெயர் வந்தது. 1999இல் பீட்டர் புளோ எடுத்த ஆவணப்படத்தின் தலைப்பும் அதுவே.

அதற்கு முதல் வருசம், 1998 ஆகஸ்டில், டெலினேயில் இருந்து சிலர் ஹிரோசிமாவுக்குப் போனார்கள். குண்டில் தப்பினவர்களைச் சந்தித்து, எங்கட நிலத்துக் கல்லால் உங்களுக்கு இது நடந்ததற்கு வருந்துகிறோம் என்று சொல்லத்தான் போனார்கள். ஒப்பந்தம் போட்டவன் போகேல்லை, இலாபம் எடுத்தவன் போகேல்லை, மூன்று டொலருக்கு மூட்டை காவின சனத்தின் பிள்ளைகள் போனார்கள்.

1999இல் டெலினே மக்களும் மத்திய அரசும் சேர்ந்து ஒரு விசாரணை மேசையை அமைத்து, 2005இல் அறிக்கை வெளியிட்டார்கள். காவினவர்களின் புற்றுநோய்க்கு இந்தக் கல்தான் காரணம் என்று அறிவியல்படி நிறுவ முடியாது, ஆட்கள் தொகை அவ்வளவு சின்னது என்பதுதான் சாரம். கணக்குப்படி அது பிழையில்லை, டெலினே பிரதிநிதிகளும் அதில் பங்காளிகள்தான். ஆனால் ஒன்றைப் பாருங்கோ. சுரங்கத்துக்குள் இறங்கின தொழிலாளருக்குக் கம்பனியின் சம்பளப் பதிவுகள் இருந்தன. அவற்றை வைத்துச் செய்த ஆய்வுகளில் ரேடான் வாயுவால் நுரையீரல் புற்றுநோய் கூடியது தெளிவாகவே தெரிந்தது. காவின டெனே ஆட்களுக்கு அப்படி ஒழுங்கான பதிவு இல்லை. பெயர் எழுதாத ஆளின் சாவை எந்த அட்டவணையில் தேடுறது?

போர்ட் ஹோப்பில் ஆலைக் கழிவு கலந்த மண்ணை வீடுகளுக்கும் வீதிகளுக்கும் நிரப்பியிருந்தது 1970களின் நடுவில் வெளியே வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தையே காலி பண்ண வேண்டி வந்தது. 2012இல் அரசு அந்தப் பகுதியைச் சுத்தம் செய்ய 128 கோடி டொலர் ஒதுக்கியது. செய்யவேண்டிய வேலைதான், குறை சொல்லவில்லை. வடக்கே 2007இல் சுரங்க வாய்களை மூடி, கரையில் கிடந்ததைச் சுத்தம் செய்தார்கள். ஏரிக்குள் போனது ஏரியிலேயே கிடக்குது. மீனும் தண்ணியும் பாதுகாப்பானவை என்கிறது 2005 அறிக்கை. டெலினே சனம் இன்றைக்கும் அந்த ஏரியில்தான் மீன் பிடிக்குது.