முதுசமாய் வந்த மோட்டார் வண்டி: யாழ்ப்பாணத்துப் பழைய வண்டிகளின் மீளோட்டம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று மூலங்கள் என்றதும் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. அண்மைக்கால வரலாற்றுக்கு அரச ஆவணங்களையும் செய்தித்தாள்களையும் இவற்றோடு சேர்த்துக்கொள்கிறோம். ஆயின், மக்கள் அன்றாடம் கையாண்ட பொருள்களும், அவை பழுதுற்ற வகையும் திருத்தப்பெற்ற வகையும் வரலாற்று மூலங்களே என்பதைப் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீடுகள் சிலவற்றில், கிடுகுக் கொட்டிலிலோ முன்மண்டபத்திலோ தூசு படிந்து நிற்கும் ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் இவ்வகை மூலங்களாகும். பாட்டனார் வாங்கி, தந்தையார் ஓட்டி, இன்று பேரனின் கைக்கு வந்துள்ள அவ்வண்டிகளை மீண்டும் தெருவில் ஓடவைக்கும் முயற்சி அண்மைக் காலத்திற் பெருகி வருகின்றது. அம்முயற்சியின் வரலாற்றுப் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேசவழமை சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கின்றது. 1706-1707 காலப்பகுதியில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் அவ்வழமைகளைத் தொகுத்தபோது மோட்டார் வண்டி என்றொரு பொருள் உலகில் இருக்கவில்லை. எனினும் அவ்வகுப்பு வண்டிக்கும் பொருந்துகின்றது. ஒரு தலைமுறையின் தேடியதேட்டம் அடுத்த தலைமுறைக்கு முதுசமாகின்றது. காணி முதுசமாக வரும்போது உறுதி ஒன்று போதும். வண்டி முதுசமாக வரும்போதோ, அதை இயக்கும் அறிவும் கூடவே வந்தாலன்றி அது வெறும் இரும்பாகவே எஞ்சும். இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது.

வண்டிகள் வந்த வரலாறு

இரண்டாம் உலகப் போரின் முடிவில் பிரித்தானியா பெருங்கடன்பட்ட நாடாக இருந்தது. டொலர் வருவாய்க்காக ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே உருக்கு ஒதுக்கீட்டில் முன்னுரிமை கிடைத்தது. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 டெவன், 1952இல் அதன் இடத்தைப் பெற்ற சோமசெற், 1948 ஒக்ரோபரில் இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனர் ஆகியன இப்பின்னணியிலேயே உலகெங்கும் பரவின. மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரி வண்டி ஒடுக்கமாக இருக்கின்றதென எண்ணிய அவர், அதனை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து நான்கு அங்குலம் அகலச் செய்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. இயந்திர மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை இன்றும் அதற்குச் சான்றாக உள்ளது. பிரித்தானிய வண்டிகளுள் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை முதன்முதல் எட்டியதும் இதுவே.

சுதந்திரம் பெற்ற இலங்கை அந்நாளில் இவ்வண்டிகளுக்கு நல்ல சந்தையாக விளங்கியது. 1950-1951இல் கொரியப் போரினால் இறப்பரின் விலை உயர்ந்தது. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பும் உயர்ந்தது. வைத்தியர், வழக்கறிஞர், மலாயாவிற் பணிபுரிந்து ஓய்வூதியத்தோடு திரும்பியோர் ஆகியோர் யாழ்ப்பாணத்தில் வண்டி வாங்கினர். வாடகைக்கு ஓடிய ஏ40 வண்டிகளும் கேம்பிரிட்ஜ் வண்டிகளும் கலியாணத்திற்கும் கோயிலுக்கும் வைத்தியசாலைக்கும் ஊரையே சுமந்தன.

1960களின் தொடக்கத்தில் செலாவணி நெருக்கடி முற்றியதும் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதிய வண்டி வராதவிடத்துப் பழைய வண்டியைச் சாகவிடாது காப்பது தேவையாயிற்று. தேய்ந்த உறுப்பை எறிந்து புதியதை இடும் பழக்கம் இந்நாட்டில் வேரூன்றாமைக்கு இதுவே முதற்காரணம் எனலாம். கடைச்சல் பட்டறைகள் பெருகின. உதிரிப்பாகத்தை அளந்து அதைப்போலவே கடைந்தெடுக்கும் கைவினைஞர் உருவாகினர். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் யப்பானிய வண்டிகள் வந்து குவிய, ஒஸ்ரினும் மொறிசும் மதிப்பிழந்து கொட்டில்களுக்குள் ஒதுங்கின.

இலக்கத் தகட்டில் எழுதப்பட்ட அரசியல்

பழைய வண்டியின் இலக்கத் தகடு தனியே நோக்கத்தக்கது. தொடக்கத்தில் ஈ.என்., ஈ.எல்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துக்களே தகடுகளில் இடம்பெற்றன. அவற்றுக்குப் பதிலாகச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் புகுத்தப்பட்டபோது 1958இல் தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்து இயக்கம் நடத்தியது. தமிழ் எழுத்துப் பொறித்த தகடுகளுடன் வடக்கிலும் கிழக்கிலும் வண்டிகள் ஓடின. அதற்கு எதிராகத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரலில் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது; மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. ஆகவே, கொட்டிலில் நிற்கும் ஒரு மொறிஸ் மைனரின் தகடு ஆங்கில எழுத்துடையதா, ‘ஸ்ரீ’ எழுத்துடையதா என்பது வெறும் அடையாளம் அன்று. அவ்வண்டி எந்த இலங்கைக்குள் வந்திறங்கியது என்பதை அது கூறுகின்றது.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

மதிப்பிழந்து ஒதுங்கிய வண்டிகள் உயிர்த்தெழுந்த காலம் 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதோடு தொடங்கிற்று. வடக்குக்கு எடுத்துச் செல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பெற்றோல், டீசல், பற்றரி ஆகியனவும் அடங்கின. குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்த மண்ணெண்ணெயே விளக்குக்கும் எரிபொருளாயிற்று, வண்டிக்கும் எரிபொருளாயிற்று.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த இயந்திரத்தில் அது பற்றிக்கொள்ளாது. அமுக்க விகிதம் உயர்ந்த இயந்திரத்திலோ காலத்துக்கு முன்பே வெடித்து உதைக்கும். புதிய யப்பானிய பெற்றோல் வண்டிகள் இதனைத் தாங்குவது அரிது. பழைய பிரித்தானிய இயந்திரங்களின் அமுக்க விகிதமோ ஏழு மடங்கினை அண்டியதாக இருந்தது. தரங்குறைந்த பெற்றோலுக்கென அமைக்கப்பட்ட அக்குறையே இப்போது நிறைவாயிற்று. சிறு பிளாஸ்ரிக் போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி இயந்திரத்தை முடுக்குவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவர்.

இந்நுட்பம் முற்றிலும் புதியதன்று. 1949இல் வெளிவந்த பேர்குசன் உழவு இயந்திர வகையொன்று பெற்றோலில் முடுக்கப்பட்டு, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் ஓடுமாறே அமைக்கப்பட்டிருந்தது. ஆயின் அங்கே தொழிற்சாலை செய்ததை இங்கே தெருவோரக் கராஜ் செய்தது. அங்கே சிக்கனத்துக்காகச் செய்யப்பட்டது, இங்கே நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதற்காகச் செய்யப்பட்டது.

இதற்கு இயந்திரம் கொடுத்த விலையும் பெரிது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி உயவெண்ணெயை நீர்க்கச் செய்தது. உருளைகள் தேய்ந்தன, வால்வுகளிற் கரி படிந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது எரிபொருளற்ற வண்டிகள் பலவும் வீடுகளிலேயே விடப்பட்டன. திரும்பி வந்தவர்களுட் சிலர் வண்டியைக் கண்டனர். சிலர் அதன் கூட்டைக் கண்டனர். சிலர் எதையும் காணவில்லை. 2002 ஏப்பிரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்ரில் அது மீண்டும் மூடப்பட்டது. வீதி மூடப்படுவதும் திறக்கப்படுவதும் இவ்வண்டிகளின் உறக்கத்தையும் விழிப்பையும் தீர்மானித்தன.

மீளோட்டத்தின் படிகள்

பல்லாண்டு நின்ற வண்டியை எழுப்புவது எளிதன்று. பிஸ்ரன்கள் உருளையோடு துருவேறிப் பற்றியிருக்கும். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, அத்துவாரங்களின் வழியே எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டபின்பே கையால் மெல்லச் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். அவசரப்பட்டு இழுத்து முடுக்குவோர் வளையங்களை உடைத்துவிடுவர். தடுப்பிலுள்ள இறப்பர்க் கிண்ணங்கள் உக்கியிருக்கும். எண்ணெய்த் தாங்கியின் அடியிற் பிசின் கட்டியிருக்கும். மொறிஸ் மைனரின் முன்சில்லைத் தாங்கும் திருகு மூட்டுக்குக் காலந்தோறும் கிறீஸ் இடாதுவிடின் புரி தேய்ந்து, ஓடும்போதே சில்லு மடிந்துவிடும். அவ்வண்டியின் மின்னமைப்பில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்காலப் பழக்கத்தின்படி எதிர்முனையை இணைத்தால் ஊறு விளையும். இலங்கையில் 2002இல் ஈயங்கலந்த பெற்றோல் நீக்கப்பட்டபின், ஈயத்தின் காப்பினை நம்பிய பழைய வால்வு இருக்கைகளுக்குக் கடினமான உருக்கு வளையங்களைப் பொருத்துவதும் தேவையாயிற்று.

இரும்பு வேலையினும் கடினமானது காகித வேலை. பதிவுப் புத்தகம் இறந்த பாட்டனாரின் பெயரிலிருக்கும். அல்லது இடப்பெயர்விற் தொலைந்திருக்கும். உரித்தாளர் ஒருவர் கொழும்பிலும் ஒருவர் கனடாவிலும் ஒருவர் இங்கிலாந்திலும் வாழ்வர். பதிவிலுள்ள இயந்திர இலக்கமும் வண்டியிலுள்ள இலக்கமும் ஒவ்வாது போகும். போர்க்காலத்தில் ஒரு வண்டியின் இயந்திரம் இன்னொரு வண்டியின் உடலுக்குள் புகுந்தமையே அதற்குக் காரணமாயிருக்கலாம். உரிமைமாற்றம், காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் என்பன முடியும்வரை ஓடக்கூடிய வண்டியும் ஓடமுடியாத வண்டியே.

எதை மீட்பது?

இங்கு ஓர் அடிப்படை வினா எழுகின்றது. வண்டியை எந்நிலைக்கு மீட்பது? தொழிற்சாலையினின்று வெளிவந்த நாளின் நிலைக்கே அதனைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது ஒருசாரார் கருத்து. அதற்கான உதிரிப்பாகங்கள் இன்றும் இங்கிலாந்திற் கிடைக்கின்றன. அச்சுப் பிசகாத மெருகும் கிடைக்கின்றது. அக்கருத்து முற்றிலும் தவறானதன்று. தடுப்பு, திசைதிருப்பி, சில்லு ஆகியவற்றில் நம்பத்தகாத எதனையும் வரலாற்றின் பெயரால் விட்டுவைத்தல் ஆகாது. வண்டியில் ஏறுவோரின் உயிர் அருங்காட்சிப் பொருளன்று.

ஆயின், ஏனைய உறுப்புக்களின் நிலை வேறு. மண்ணெண்ணெய்க்கென மாற்றப்பட்ட காபரேற்றர், கையாற் கடைந்த உறுப்பு, தகர டப்பாவை வெட்டி ஒட்டிய தரைத்தகடு ஆகியன பழுதின் அடையாளங்கள் மட்டுமல்ல. அவை ஒரு சமூகம் தடைக்குள் வாழ்ந்த வகைக்கான சான்றுகள். அவற்றைக் குப்பையில் எறிந்துவிட்டு 1950ஆம் ஆண்டின் வண்டியைப் பெறுவோமாயின், இடைப்பட்ட நாற்பது ஐம்பது ஆண்டுகளை நாமே அழித்தவராவோம். பழைய வண்டிகளின் சர்வதேசக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும் வண்டி தன் வாழ்நாளில் அடைந்த மாற்றங்களை அதன் வரலாற்றின் பகுதியாகவே மதிக்கின்றது. கட்டடங்களுக்கென 1964இல் வெனிசில் வகுக்கப்பட்ட சாசனத்தின் அடியொற்றியது அது. கோயிற் கோபுரத்தின் திருப்பணியில் பழைய கல்வெட்டின்மேற் சாந்து பூசுவோரை நாம் கடிந்துகொள்கிறோம். மோட்டார் வண்டிக்கும் அந்நெறி பொருந்தும்.

எனவே, மாற்றவேண்டியதை மாற்றுமுன் அதனைப் படம் பிடித்தல், கழற்றிய உறுப்பைப் பெயரும் காரணமும் எழுதிப் பேணுதல், அதனைச் செய்த கைவினைஞரைத் தேடிக்கண்டு அவர்தம் வாய்மொழியைப் பதிவு செய்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. இவற்றுள் இறுதியானதே மிக அவசரமானது. உறுப்புக்கள் இன்னும் சில தலைமுறைக்கு நிற்கும். அவற்றைச் செய்த கைகள் அவ்வாறு நில்லா. மண்ணெண்ணெய்க்கு எத்துணை வெப்பம் வேண்டும், காபரேற்றரில் எதனை எவ்வளவு மாற்ற வேண்டும் என்பவை எந்நூலிலும் எழுதப்படவில்லை. தொண்ணூறுகளில் முப்பது வயதினராயிருந்த திருத்துநர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர்.

இது பழங்கதை மாத்திரமன்று. 2020இல் இந்நாட்டின் வண்டி இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025இலேயே தனியார் வண்டிகளுக்குத் திறக்கப்பட்டது. 2022இல் எரிபொருள் வாரப் பங்கீட்டிற்கு வந்தது. அறுபதுகளின் நெருக்கடியும் தொண்ணூறுகளின் தடையும் வேறுவேறு காரணங்களால் விளைந்தவை. எனினும் ஒவ்வொரு முறையும் திருத்தத் தெரிந்த சமூகமே தாக்குப்பிடித்தது. முதுசமாய் வந்த வண்டியை ஓடவைப்பவர் ஒரு பொருளை மட்டும் பெறுவதில்லை. அதனை ஓடவைத்த அறிவையும் பெறுகின்றார். அவ்வறிவினை எழுத்தில் ஏற்றி அடுத்த தலைமுறைக்கும் முதுசமாக்குவது வரலாறு பயிலும் மாணவரின் கடமையாகும்.