மாமல்லபுரத்து மகிஷனும் ஒரு உடைஞ்ச சுண்டுவிரல் எலும்பும்

1/ கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்ல கராத்தே, சிலம்பம், பாக்ஸிங் கத்துக்கிற பசங்க இருந்தா கடைசி வரைக்கும் படிங்க.

செங்கல்பட்டு பக்கத்துல இருந்து ஒரு தம்பி, வயசு 16, வலது கை வீங்கிப்போய் வந்தான். எக்ஸ்ரேல சுண்டுவிரல் முட்டிக்குக் கீழ இருக்கிற எலும்பு உடைஞ்சிருக்கு. இதுக்கு நாங்க வெச்சிருக்கிற பேரே 'பாக்ஸர்ஸ் ஃப்ராக்ச்சர்'.

"யாரைப்பா அடிச்ச?"

"செவுத்தை சார். கை இறுகினாத்தான் அடி இடி மாதிரி விழும்னு ரீல்ஸ்ல சொன்னாங்க."

2/ அவனுக்குச் சொன்ன பதில் அவன் ஊர்ல இருந்து சுமார் 30 கி.மீ. தூரத்துல, பாறையில இருக்கு. மாமல்லபுரம்.

3/ அந்த ஊர் பேரே ஒரு சண்டைக்காரர் பேரு. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் (சுமார் 630–668) வெச்சுக்கிட்ட பட்டம் மாமல்லன். மல்லன்னா மற்போர் வீரன். மணிமங்கலத்துல இரண்டாம் புலிகேசியைத் தோற்கடிச்சு, 642 வாக்கில் வாதாபி வரைக்கும் போய்ப் பிடிச்சவர்.

4/ அங்கே கலங்கரை விளக்கம் பக்கத்துல மகிஷாசுரமர்த்தினி குகை இருக்கு. 7-ம் நூற்றாண்டு. சிங்கத்து மேல துர்க்கை, எட்டுக் கை, வில்லை இழுத்தபடி முன்னேறி வர்றா. எதிர்ல எருமைத் தலையோட மகிஷன். ஆள் அவளைவிடப் பெருசு. கையில பெரிய கதை.

ஆனா அவன் உடம்பைப் பாருங்க. பின்னால சாயுது.

5/ ஒரு டாக்டரா எனக்கு அங்கேயே சண்டை முடிஞ்சிடுச்சு. அடியோட பலம் தரையில தொடங்குது. கால் தரையை அழுத்த, தரை திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளல் இடுப்புல திரும்பி, முதுகு, தோள் வழியா கைக்கு வரும். கை கடைசி ஸ்டேஷன் மட்டும்தான். எடை பின்னால போற ஆள் கதையை வீசினா, அதுல புஜபலம் மட்டும்தான் இருக்கும். சிற்பி பயோமெக்கானிக்ஸ் படிச்சார்னு நான் சொல்லல. சண்டை போடுற உடம்பை உத்துப் பார்த்திருக்கார்.

6/ இதை அளந்தும் பார்த்திருக்காங்க. 1985-ல வெளிவந்த சோவியத் ஆய்வு: தேர்ந்த பாக்ஸர்களோட குத்துல கால்களோட பங்கு சுமார் 38%, கையோட பங்கு சுமார் 24%. கத்துக்குட்டிகள்கிட்ட அப்படியே தலைகீழ்: கால் சுமார் 17%, கை சுமார் 38%. அனுபவம் கூடக் கூட பலம் கையில இருந்து காலுக்கு இறங்குது!

7/ அடுத்தது, இறுக்கம். 2010-ல கனடாவின் ஸ்டூவர்ட் மெக்கில் குழு தேர்ந்த சண்டை வீரர்களோட தசைகளைப் பதிவு செஞ்சாங்க. அடி கிளம்பும்போது ஒரு முறுக்கு, நடுவுல தளர்வு, படுற நொடியில மறுபடி ஒரு முறுக்கு. முழுக்க இறுகின கை தன் வேகத்துக்குத் தானே பிரேக் போடும். நம்பலைன்னா மாமல்லபுரம் கல்பட்டறையில பத்து நிமிஷம் நில்லுங்க. சுத்தியலை உடும்புப்பிடியா பிடிச்சா, சாயங்காலம் வரைக்கும் உளி அடிக்க முடியுமா?

8/ சிலம்ப ஆசான்கள் கம்பு வீச்சுக்கு முன்னாடி காலடியைப் பழக்குறது இதுக்குத்தான். பசங்களுக்கு அது போர் அடிக்கும். ஆனா பலம் அங்கேதான் இருக்கு.

9/ சரி, தம்பி கை ஏன் உடைஞ்சது? ஆள்காட்டி விரல், நடுவிரலுக்கான உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டோட கெட்டியா பிணைஞ்சிருக்கு. மோதிர விரல், சுண்டுவிரல் பக்கம் ஆடும், மெலிசும்கூட. காலும் இடுப்பும் வராம கையை மட்டும் சுழற்றிக் குத்தினா, மொத்த அடியும் அந்த மெலிசான எலும்புலதான் இறங்கும். செவுருக்கு ஒண்ணும் ஆகாது.

10/ இதுல பயம் என்னன்னா, வீக்கம்தானேன்னு கட்டுப்போட்டு விட்டா எலும்பு கோணலா சேரும், விரல் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். குத்துன கையில வீக்கமும் வலியும் இருந்தா எக்ஸ்ரே எடுங்க. எதிராளி பல்லு பட்டு முட்டி கிழிஞ்சிருந்தா, காயம் சின்னதா இருந்தாலும் அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. சீழ் மூட்டுக்குள்ள போயிடும்.

11/ தம்பிக்குக் கட்டுப் பிரிச்ச அன்னைக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தேன். குகைக்குப் போய் மகிஷன் காலைப் பார்த்துட்டு வா.

போயிட்டு வந்தான். "சார், அவன் அடிக்க நிக்கல. ஓடத்தான் நிக்கிறான்."

பாஸ் பண்ணிட்டான். இப்போ ஒரு ஆசான்கிட்ட காலடி பழகுறான். செவுரைத் தொடுறதில்லை.