தள்ளுவண்டிலில் வந்த சொசேஜ்

கிளிநொச்சியிலிருந்து தெற்கு நோக்கி ஏ9 நெடுஞ்சாலையிற் செல்வோர், முறிகண்டிப் பிள்ளையார் கோயிலின் முன் வாகனத்தை நிறுத்தாது செல்வது அரிது. தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, வழித்துணைக்குப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டவர்கள் அடுத்துச் செய்வது யாதென்பதும் நாம் அறிந்ததே. சாலையோரக் கடையில் ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டே வாகனத்தில் ஏறுவர்.

அக்கடைக்காரர் கச்சானைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. அது பல நாட்களுக்குப் பழுதுறாது. ஐஸ் வேண்டாம், குளிர்ப்பெட்டி வேண்டாம். சைவரும் உண்பர், கிறித்தவரும் உண்பர், முஸ்லிம்களும் உண்பர். சுடுமணலில் அதனை வறுப்பதை வாங்குபவர் தம் கண்ணாலேயே காணலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, கோதை உடைத்த அக்கணமே உள்ளிருப்பது நல்ல பருப்பா, சொத்தையா என்பது தெரிந்துவிடும்.

இவ்வியல்புகளுட் பெரும்பாலானவை இல்லாத ஒரு பண்டம், உலகின் பெருநகரங்கள் பலவற்றில் தெருவண்டில்களில் ஏறிப் பெருவாணிகம் நடத்தி வந்திருக்கின்றது. அதுவே சொசேஜ். அரைத்த இறைச்சியையும் கொழுப்பையும் உப்பு, வாசனைத் திரவியங்களுடன் கலந்து, குடலிலோ அது போன்றதொரு உறையிலோ அடைத்துச் செய்வது அது. நீளவாட்டிற் பிளந்த பணிஸில் அதனை வைத்து, கடுகுச் சோசோ தக்காளிச் சோசோ இட்டுக் கொடுத்தால் அதற்கு ஹொட் டோக் என்று பெயர்.

இதனைப் பற்றி நான் சிந்திக்க நேர்ந்தது சில மாதங்களுக்கு முன்னராகும். மீள்குடியேற்றத்தின் பின் என்னிடம் வரலாறு பயின்ற மாணவி ஒருத்தி என்னைக் காண வந்தாள். இன்று அவள் இரு பிள்ளைகளின் தாய். குடும்பத்தைத் தனியொருத்தியாகவே தாங்கி வருபவள். "சேர், சங்கிலியை அடைவு வைத்து ஒரு தள்ளுவண்டில் செய்வித்திருக்கிறேன். ஹொட் டோக் விற்கலாம் என்று எண்ணுகிறேன். கடையில் எத்தனையோ வகைச் சொசேஜ்கள் இருக்கின்றன. எதை எடுப்பது?" என்று கேட்டாள். நான் சமையற்கலை பயின்றவனல்லேன்; வரலாறு கற்பித்தவன். "பிள்ளை, ஒரு கிழமை பொறுத்துக்கொள்" என்று கூறி அனுப்பிவிட்டு, எனக்குத் தெரிந்த வழியிலே விடை தேடலானேன். அத்தேட்டத்திற் கண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

இறைச்சியைக் கெடாமற் காப்பது எங்ஙனம் என்ற கேள்வி மிகப் பழையது. நம் நாட்டு வேடர் அதற்குக் கண்ட வழியை, கண்டியரசனிடம் பல்லாண்டுகள் சிறைப்பட்டிருந்து, 1679ஆம் ஆண்டில் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியான தமது நூலிற் குறித்துள்ளார். மரத்தைக் குடைந்து, அப்பொந்தில் தேனை ஊற்றி, இறைச்சியை இட்டு, களிமண்ணால் வாயை அடைத்துப் பஞ்ச காலத்துக்கென அவர்கள் சேமித்து வைப்பராம். ஐரோப்பியர் தேனுக்குப் பதில் உப்பையும், மரப்பொந்துக்குப் பதில் குடலையும் கொண்டனர். உப்பிட்டது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே சொசேஜ் என்னும் பெயரும் பிறந்தது. இப்பண்டம் இலங்கைக்கும் புதியதன்று. நீர்கொழும்புப் பகுதியிற் பன்றியிறைச்சியினாற் செய்யப்படும் லிங்குஸ் என்பது, போர்த்துக்கேயரின் லிங்குவிசா என்ற சொசேஜைப் பெயராலும் நினைவூட்டுவதாகும்.

ஆயின் சொசேஜ் வண்டிலில் ஏறித் தெருவுக்கு வந்த கதையை அறிய நாம் அமெரிக்காவின் நியூயோர்க் நகரக் கடற்கரையாகிய கோனித் தீவுக்குச் செல்லல் வேண்டும். ஜேர்மனியிலிருந்து இளமையிற் குடியேறிய சாள்ஸ் ஃபெல்ற்மன் என்பவர் அங்கு வண்டிலில் பலகாரம் விற்று வந்தார். கடற்காற்றில் நின்ற மக்கள் சூடான உணவு கேட்டனர். சிறிய வண்டிலில் பல உணவுகளைச் சமைக்க இடமில்லை. ஆதலின் 1867ஆம் ஆண்டளவில், வண்டிலில் ஒரு கரியடுப்பைப் பொருத்துவித்து, தம் தாய்நாட்டுச் சொசேஜைச் சூடாக்கிப் பணிஸில் வைத்து விற்கத் தொடங்கினார் என்பர். தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். வண்டிலின் அளவே பண்டத்தைத் தீர்மானித்தது என்பதை நாம் ஈண்டுக் கவனித்தல் தகும்.

வியாபாரம் வளர வளர ஐயமும் வளர்ந்தது. அரைத்து உறையிலிட்ட இறைச்சி எவ்விலங்கினுடையது என்று யார் அறிவார்? நாயிறைச்சியாகவும் இருக்கலாம் என்ற ஏளனப் பேச்சிலிருந்தே ஹொட் டோக், அதாவது சூடான நாய், என்னும் பெயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழக்குக்கு வந்தது. கேலிப்பெயர் வியாபாரத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சிய கோனித் தீவு வர்த்தக சங்கம், 1913இல் விளம்பரப் பலகைகளில் அப்பெயரை எழுதலாகாதெனத் தடை செய்தது.

அவ்வையம் முற்றிலும் வீணானதென்றும் சொல்லிவிடல் இயலாது. 1906ஆம் ஆண்டு அப்ரன் சின்கிளெயர் என்னும் எழுத்தாளர், சிக்காகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைகளின் அழுக்கையும் அங்கு உழைத்தோரின் அவலத்தையும் ஒரு நாவலிற் சித்திரித்தார். நாடே கொதித்தெழுந்தது. அவ்வாண்டு யூன் 30ஆந் தேதி இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவுச் சட்டமும் ஒருங்கே நிறைவேறின. உழைப்பாளியின் துயரை எழுதிய தாம், மக்களின் இதயத்தைக் குறிவைத்து வயிற்றைத் தாக்கிவிட்டதாக ஆசிரியர் பின்னர் வருந்தினார்.

இந்நிலையிலேதான், போலந்துப் பகுதியிலிருந்து குடியேறிய யூதரான நேதன் ஹாண்ட்வேக்கர் என்பவர் களத்துக்கு வந்தார். ஃபெல்ற்மனின் உணவகத்திற் பணிஸ் வெட்டும் வேலை பார்த்த அவர், சிறுகச் சிறுகச் சேர்த்த 300 டொலரை முதலாக்கி, 1916இல் தனிக்கடை திறந்தார். அவர் தெரிந்தெடுத்தது மாட்டிறைச்சிச் சொசேஜ். பன்றியை விலக்கிய யூதரும் ஏனையோரும் அதனை ஒருங்கே உண்ணலாம். முன்னைய முதலாளி 10 சதத்துக்கு விற்றதை இவர் 5 சதத்துக்கு விற்றார். விலை குறைந்ததும் மக்கள் மகிழவில்லை, ஐயுற்றனர். அப்போது வைத்தியர் அணியும் வெண்ணிற மேலங்கியைச் சிலருக்கு உடுத்தித் தம் கடையிலே நின்று உண்ணச் செய்தார் என்றொரு கதை உண்டு. வைத்தியரே உண்கின்றனர் என்றால் யாருக்கு அச்சம்? உபாயம் பலித்தது. எனினும் ஓர் ஆசிரியன் என்ற முறையில் அவ்வுபாயத்தை நான் மெச்சமாட்டேன். பெற வேண்டிய நம்பிக்கையை வேடத்தினாற் பெற்றமை அவர் கதையில் ஒரு மறுவே.

மூன்றாவதாக ஒரு பெண்மணியின் கதை. இரண்டாம் உலகப் போரில் தகர்ந்துபோன பெர்லின் நகரில், சாலற்றன்பேர்க் பகுதியில், ஹெர்த்தா ஹொய்வர் என்பவர் ஒரு சிற்றுண்டிச் சாலை நடத்தினார். 1949ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆந் தேதி, தக்காளிச் சாற்றுடன் கறித்தூளையும் வேறு திரவியங்களையும் கலந்து, வெட்டிய சொசேஜ் துண்டுகளின் மீது ஊற்றி விற்றார் என்பது வரலாறு. இடிபாடுகளை அகற்றி நகரைக் கட்டியெழுப்பிய தொழிலாளருக்கு அது மலிவாகவும் வயிறு நிறையவும் கிடைத்த உணவாயிற்று. இன்று அது ஜேர்மனியின் புகழ்பெற்ற தெருவுணவுகளுள் ஒன்று. அவரது கடை இருந்த இடத்தில் 2003இல் நினைவுக்கல்லும் பதிக்கப்பட்டது. போரில் இடிந்த ஊரொன்றிலே, நம் அடுக்களைக்குரிய கறித்தூளைக்கொண்டு, ஒரு பெண் தன் வாழ்வை நிமிர்த்திய அக்கதையைக் கிளிநொச்சியிலிருந்து படிக்கும்போது என் நெஞ்சு சற்றே கனத்தது.

நேயர்களே, இம்மூவரும் தம் பண்டத்தைத் தெரிந்தெடுக்கையில் மூன்று வினாக்களுக்கு விடை கண்டனர். உண்பவர் யார்? உள்ளிருப்பது யாது? அதனைப் பேணும் வசதி யாது? என் மாணவிக்கும் இம்மூன்றையுமே கூறினேன்.

கிளிநொச்சிச் சந்தையில் உண்பவர் பலதிறத்தார். சைவருட் பலர் மாட்டிறைச்சி உண்ணார்; முஸ்லிம்கள் பன்றியிறைச்சியைத் தொடார். ஒரே தட்டில் இரண்டையும் சுட்டால் இரு சாராரையும் இழக்க நேரும். ஆதலின் கோழியிறைச்சிச் சொசேஜே இங்கு பொருந்துவது. அதிலும் ஹலால் முறையில் ஆனதாயின் எவரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி உண்போர் பலராதலின் அன்று சோயாவில் ஆனதையோ, அல்லது நமக்கு நன்கு கைவந்த கடலை வடையையோ விற்கலாம்.

உள்ளிருப்பதை அறிய உறையிலுள்ள எழுத்தைப் படித்தல் வேண்டும். இறைச்சி எவ்வளவு, மாவும் சோயாவும் எவ்வளவு, காலாவதித் தேதி யாது என்பவற்றை நோக்காது விலையை மட்டும் நோக்கி வாங்கலாகாது. நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் நுகர்வோரின் காவலுக்கென்றே உள்ளது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு ஒளிவதை விட, வண்டில் தொடங்குமுன் அவரிடமே ஆலோசனை கேட்பது மேல்.

பேணும் வசதியே யாவற்றிலும் கடினமானது. ஜேர்மனியில் யுஸ்ரினுஸ் கேர்னர் என்னும் வைத்தியர் 1820களில் சொசேஜ் உண்டு இறந்தோரை ஆராய்ந்து, அந்நஞ்சின் இயல்பை விரித்தெழுதினார். சொசேஜைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அந்நோய் பொற்றுலிசம் என இன்றும் வழங்குகின்றது. எனவே குளிரில் வைப்பது 5 பாகை செல்சியசுக்குக் கீழும், சூட்டில் வைப்பது 60 பாகைக்கு மேலும் இருத்தல் வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகும். வன்னி வெயிலில் இது எளிய காரியமன்று. போர்க்காலத்தில் தேசிய மின்வழங்கலே இன்றி நாம் வாழ்ந்த ஆண்டுகளில் இவ்வியாபாரத்தைக் கனவிலும் கருதியிருக்க முடியாது. 2009இல் போர் முடிந்து, மின்சாரமும் வந்து, 2013 செப்டெம்பரில் புகையிரதமும் கிளிநொச்சியை மீண்டும் எட்டிய பின்னரே குளிரூட்டிய பண்டங்கள் இங்கு இயல்பாகின. இருந்தும் வண்டிலில் மின்சாரம் இல்லை. ஐஸ் பெட்டி கொள்ளுமளவே, ஒரு நாளில் விற்குமளவே வாங்குதல் வேண்டும்.

இவற்றைக் கூறியபின் ஒன்றை நான் மறைத்தல் தகாதென்று பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல், பதனிட்ட இறைச்சியைப் புற்றுநோய் விளைப்பனவற்றுட் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பது பெருங்குடற் புற்றுநோய் வாய்ப்பை ஏறத்தாழ 18 வீதம் கூட்டும் என்றும் கணித்தது. இடையிடையே உண்பதன் ஆபத்து சிறிதே. நாள்தோறும் உண்பதே கேடு. அதைக் கேட்ட மாணவி நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியென்றால் விற்க வேண்டாமா, சேர்?" என்றாள். அடைவிலிருக்கும் சங்கிலி எங்கள் இருவர் கண்முன்னும் நின்றது. "விற்கலாம், பிள்ளை. ஆனால் பாடசாலை வாயிலில் வண்டிலை நிறுத்தாதே. அங்கே வருபவர் நாள்தோறும் வருபவர், தாமே தெரிந்தெடுக்கும் வயது அவர்களுக்கு இன்னும் வரவில்லை" என்றேன். மிகுந்த வியாபாரம் நடக்கும் இடம் அதுவே என்பதை இருவரும் அறிவோம். அவள் சற்றுச் சிந்தித்துத் தலையசைத்தாள்.

இன்று அவளது வண்டில் மாலைவேளையிற் சந்தைப் பக்கமாக நிற்கின்றது. சொசேஜ் வந்த உறையை அவள் எறிவதில்லை. எழுத்துத் தெரியும்படி கண்ணாடியின் முன் வைத்திருக்கிறாள். இப்படிச் செய் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. வருமானம் எதிர்பார்த்ததினும் சற்றுக் குறைவுதான். சங்கிலியும் இன்னும் மீளவில்லை. ஆயினும் ஒருமுறை வந்தவர் மறுமுறையும் வருகின்றனர் என்கிறாள். முறிகண்டிக் கச்சானைக் கோது உடைத்துப் பார்த்து வாங்குகிறோம். உடைத்துப் பார்க்க முடியாத பண்டத்துக்கு, விற்பவரின் நேர்மையைத் தவிர வேறு உறுதி ஏது?