பேர் கேட்டதும் நம்ம ஊர்க்காரர் என்றுதான் நினைத்தேன்

ஜோக்கின் அற்புதம். நாகர்கோவில் பக்கம் அற்புதம், அற்புதமணி என்று பெயருள்ளவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள் இல்லையா, அதனால் இவரும் நம்ம மாவட்டத்துக்காரர் என்று முடிவே கட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, கோலார் தங்கவயலில் பிறந்த தமிழராம். 1963-ல் வேலை தேடி பம்பாய்க்குப் போய், ஜனதா காலனி என்ற சேரியில் தங்கியவர்.

இவரைப் பற்றித் தேட ஒரு காரணம் உண்டு. என் வகுப்புத் தோழன் ஒருவனின் வீடு கால்வாய்க்கரை புறம்போக்கில் இருக்கிறது. போன மாதம் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அவன் ஆச்சி பழைய கரண்ட் பில்லை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் பூட்டி வைத்திருக்கிறார். "இது போதுமாடா மக்கா?" என்று என்னிடமே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சரி, ஜனதா காலனிக்கு வருவோம். அங்கே இருந்தவர்கள் தாமாக வந்து ஆக்கிரமித்தவர்கள் அல்ல. சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் நகருக்குள் இருந்த ஏழைகளை நகராட்சியே அப்புறப்படுத்தி அங்கே கொண்டுவந்து விட்டது. பிறகு பக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் வந்தது. உடனே, "நீங்கள் ஆக்கிரமிப்பாளர்கள், கிளம்புங்கள்!" என்றார்கள். கொண்டுவந்து விட்டவர்களே துரத்துகிறார்கள் என்றால் எந்தப் பட்டாவைக் காட்டுவது?

மக்கள் சும்மா இருக்கவில்லை. குப்பை அள்ள நகராட்சி வராதபோது, ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைப் பேப்பரில் சுற்றி, குழந்தைகளைக் கூட்டிப்போய் நகராட்சி அலுவலகத்து முன்னாலேயே கொட்ட வைத்தவர் ஜோக்கின். (நம்ம ஊரில் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.) காலனியைக் காப்பாற்ற நீதிமன்றத்துக்கும் டில்லிக்கும் அலைந்தார்கள். ஆனால் 1975-ல் நெருக்கடி நிலை வந்துவிட்டது. 1976 மே மாதம் சுமார் 70,000 பேர் இருந்த காலனி இடிக்கப்பட்டது. எல்லோரையும் சீட்டா கேம்ப்புக்கு மாற்றினார்கள்.

அடுத்தது நடைபாதைவாசிகளின் முறை. 1981 ஜூலையில் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே, நடைபாதையில் இருப்பவர்களை வெளியேற்றி சொந்த ஊருக்கே அனுப்பப்போவதாக அறிவித்தார். சேலத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன ஒரு கூலித் தொழிலாளியின் குடிசையை இடித்து, குடும்பத்தோடு சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு மனிதர் திரும்பவும் பம்பாய் நடைபாதைக்கே வந்துவிட்டார். ஊரில் வேலை இருந்தால்தானே! இது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரில் அறியப்படும் 1985-ம் வருட வழக்கு அது.

தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் தலைமையிலான ஐந்து பேர் அமர்வு, பிழைப்பைப் பறிப்பது உயிர்வாழும் உரிமையைப் பறிப்பதுதான் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது! ஆனால் நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமையில்லை என்றும் சொல்லி, மழைக்காலம் கழிந்து அக்டோபர் 31 வரைதான் அவகாசம் கொடுத்தது. மாற்று இடம், 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை வாங்கியவர்களுக்கு.

அட்டை இல்லாதவன்? இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் நடந்தது. பைகுல்லா பகுதியில் ஸ்பார்க் என்ற அமைப்போடு சேர்ந்து, நடைபாதைப் பெண்கள் தங்களைத் தாங்களே எண்ணத் தொடங்கினார்கள். 6,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள்! எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன வேலை, எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள் என்று எழுதினார்கள். "நேற்று வந்தவர்கள்" என்ற பேச்சுக்கு அந்தத் தாள்களே பதிலாயின. அந்தப் பெண்கள் மகிளா மிலன் என்று சேர்ந்தார்கள். ஜோக்கின் தொடங்கிய தேசிய சேரிவாசிகள் கூட்டமைப்பும் கைகோர்த்தது. இடி என்று வருகிறவர்களிடம், "எங்கே இடம்?" என்று கணக்கோடு கேட்க ஆரம்பித்தார்கள். சுமார் இருபது வருடம் கழித்து, மான்கூர்டில் மிலன் நகர் என்று அவர்களில் பலருக்குச் சொந்த வீடு கிடைத்தது. இருபது வருடம்!!

ஜோக்கினுக்கு 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் காலமானார்.

தோழனிடம் கேட்டேன், "உங்க கால்வாய்க்கரையில மொத்தம் எத்தனை வீடுடே?"

"ஒரு நாப்பது இருக்கும்... அறுபதோ?"

ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாகப் போகிறோம். ஆச்சி டின்னோடு முதல் வீட்டில் காத்திருப்பாராம்.