நெஞ்சுவலி அவசர சிகிச்சை

நெஞ்சுவலியோடு வருபவருக்கு உயிராபத்து உண்டா என்று விரைந்து கண்டறிந்து, மாரடைப்பானால் அடைபட்ட இதயத் தமனியைத் திறந்துவிடும் மருத்துவமுறை. மகாதமனி கிழிவு, நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி ஆகியவையும் இதே வலியைத் தரக்கூடும்.

நோயாளி வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்து மருத்துவர் பார்த்துவிட வேண்டும். முதல் இசிஜி சரியாக இருப்பதாலேயே மாரடைப்பு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. இதயத் தசை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் புரதத்தைச் சில மணி இடைவெளியில் மறுபடி அளப்பதும், இசிஜியைத் திரும்ப எடுப்பதும் அதற்காகத்தான். தமனி முழுதாக அடைபட்டிருந்தால் நோயாளி வந்த 90 நிமிடத்துக்குள் பலூன் சிகிச்சை செய்வது இலக்கு. அந்த வசதி எட்டாத ஊரில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

மலிவான ஆஸ்பிரினின் பங்கு பெரிது. 17,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், அது 5 வார காலத்து இதய, ரத்தநாள மரணங்களை ஏறத்தாழ கால்பங்கு குறைத்தது. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகள் தரப்படுகின்றன. மிகச் சரியான ஏற்பாடு இது.

பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பின்போது வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், வியர்வை, வாந்தி மட்டும் வரலாம். வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.