பாறைப் பூச்சின் பெயர் என்ன?

ஆட்டிறைச்சிக் கறிக்குத் தாளிக்கும்போது பட்டை, கிராம்புடன் கருஞ்சாம்பல் நிறத்தில் உலர்ந்த இதழ் போன்ற ஒன்றையும் கிள்ளிப் போடுகிறோம். கல்பாசி என்று அதற்குப் பெயர். ஆனால் அது வெறும் பாசி அன்று. பால்மரத்தின் பட்டையில் தேமல் படர்ந்தாற்போல வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன அல்லவா? அவற்றுள் பலவும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவையே. அறிவியலார் இவற்றை லைக்கன் என்பர். கடலோரப் பாறையில் வளரும் லைக்கனை மனிதர் எவ்வாறு இனங்கண்டனர் என்னும் வரலாற்றை இன்று நாம் காண்போம்.

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் இருப்பவை கனேரித் தீவுகள். 1402ஆம் ஆண்டில் பெத்தாங்கூர் என்னும் பிரெஞ்சுப் பிரபு அங்கே படையுடன் வந்திறங்கினார். அவரை ஈர்த்த பொருள்களுள் ஒன்று, கடலை நோக்கிய செங்குத்துப் பாறைகளில் சிறு குச்சிக் கொத்துகளாகத் தொங்கிய ரொக்செல்லா என்னும் லைக்கன். பார்வைக்கு வெறும் சாம்பல் நிறம்தான். அதை நொறுக்கி, புளித்த சிறுநீரில் பல நாள் ஊறவைத்துக் கிளறினால், செல்வர்கள் விரும்பிய ஊதாச் சாயம் கிடைக்கும்.

அதைப் பறித்தவர்கள் ஏழைகள். இடுப்பில் கயிறு கட்டிப் பாறை உச்சியிலிருந்து இறங்கினர். தவறி விழுந்து மாண்டவர்களும் உண்டு. வாணிக உரிமையோ மன்னரிடமும் பிரபுக்களிடமும் இருந்தது.

அதே பாறையில் ரமலினா என்னும் இன்னொரு லைக்கனும் வளரும். அதுவும் கொத்தாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஊதாச் சாயம் இல்லை. சற்றே மஞ்சள் கலந்த பச்சையாக இருப்பது ரமலினா, வெளிறிய சாம்பலாக இருப்பது ரொக்செல்லா என்று, கயிற்றில் தொங்கிக்கொண்டே பிரித்தறிய வேண்டும். புத்தகம் இல்லை, கருவி இல்லை. கண்ணும் கைப்பழக்கமுமே துணை.

நூல் பின்னர்தான் வந்தது. சுவீடன் நாட்டு மருத்துவர் அக்காரியஸ் 1803இலும் 1810இலும் லைக்கன்களை வகைப்படுத்திப் பெருநூல்கள் வெளியிட்டார். வடிவத்தைக் கொண்டு அவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது இன்றும் வழக்கம். பாறையோடு பூச்சாக ஒட்டியிருப்பது ஒன்று. இலைபோல் விரிந்திருப்பது மற்றொன்று. கொத்தாகக் கிளைத்திருப்பது மூன்றாவது. நம் கல்பாசி இலை வகை. ரொக்செல்லா கொத்து வகை.

கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிபவற்றை எப்படிப் பிரிப்பது? பின்லாந்தில் பிறந்து பாரிசில் வாழ்ந்த நைலாண்டர் 1866இல் ஒரு வழி சொன்னார். சலவைத்தூள் கரைசலில் ஒரு துளி இட்டுப் பார்க்க வேண்டும். ரொக்செல்லாவின்மேல் அத்துளி பட்டால் சிவக்கும். பறிப்போர் கண்ணால் கண்டதை இவர் துளியால் கண்டார்.

அடுத்த ஆண்டே, சுவிட்சர்லாந்தின் சுவெண்டனர் பெரும் பரபரப்பை உண்டாக்கினார். லைக்கன் ஓர் உயிர் அன்று. காளான் இனமும் பாசியும் சேர்ந்து வாழும் குடித்தனம் என்றார். காளானை எசமான் என்றும், வெயிலில் உணவு சமைத்துத் தரும் பாசியை அடிமை என்றும் வருணித்தார். நைலாண்டர் கடைசிவரை இதனை ஏற்கவில்லை. ஆயினும் இரண்டும் சேர்ந்ததே லைக்கன் என்பது பின்னர் உறுதியாயிற்று. காளான் இடமும் ஈரமும் தருகிறது, பாசி உணவு தருகிறது. ஒன்றின்றி மற்றொன்று அந்த மொட்டைப் பாறையில் நிலைப்பது அரிது.

1856இல் பெர்க்கின் என்னும் 18 வயது ஆங்கில இளைஞர் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதன்பின் செயற்கைச் சாயங்கள் பெருகப் பெருக, பாறைச் சாயத்தின் வாணிகம் சரிந்தது. சந்தையில் விலை விழுந்தால் முதலில் யார் வீட்டு அடுப்பு அணையும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனினும் அந்தச் சாயத்தின் உறவு ஒன்று நம் பள்ளிக்கூடம்வரை வந்துவிட்டது. அறிவியல் பாடத்தில் பிள்ளைகள் பயன்படுத்தும் லிட்மஸ் தாளின் நிறம் இத்தகைய லைக்கன்களிலிருந்து எடுக்கப்பட்டதே. ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஊற்றினோமே ஓர் அமிலம், அதன் ஒரு துளி பட்டால் நீலத் தாள் சிவந்துவிடும்.

நூல் எழுதியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். கயிற்றில் தொங்கியவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால், இது வேறு, அது வேறு என்று முதலில் பிரித்தறிந்தவர்கள் அவர்கள்தாம். பட்டையைத் தொட்டே வெட்டின் ஆழத்தை அறிந்தவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். பிள்ளைகளே, அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள். கேட்டதை ஏட்டில் எழுதி வையுங்கள்.